பூஜ்ஜியம் பைட்

இல்லை அக்கா, கண்ணில் தூசி விழவில்லை. அழுதுகொண்டுதான் இருந்தேன். நீங்கள் கேட்டதற்கு "ஆமாம், தூசி" என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இப்போது சொல்லப் போகிற விஷயத்திலும் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டு முடித்த பிறகு சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

நீங்கள் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில்தானே இறங்க வேண்டும்? நானும் அங்கேதான். துறையூரில் பஸ் ஏறி இன்னும் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நேரம் இருக்கிறது.

என் பெயர் சிந்துஜா. திருச்சியில் வெப்சைட் செய்து கொடுக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. எங்கள் வீட்டில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான்தான். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். எனக்கு வேலை உத்தரவு வந்தபோது அதைப் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொண்டார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் என் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவார். போன ஜூனில் சேர்ந்தேன். ஒரு வருடம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். வருகிற ஜூனில் முடிகிறது. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் பக்க நியாயம் என்று ஒன்று இருந்தால் அது இவ்வளவுதான்.

சேர்ந்து ஒரு மாதத்தில் எனக்கென்று தனியாக ஒரு வேலை கொடுத்தார்கள். துறையூர் பக்கம் மூன்று கிளை வைத்திருக்கிற ஒரு பிளக்ஸ் கடை. பெயர் வேண்டாம். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்பார்கள். அவர்கள் வாடிக்கையாளர்களின் போட்டோ எல்லாம் ஒரு பழைய சர்வரில் இருந்தது. சர்வர் என்றால் எங்கேயோ இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து எல்லாவற்றையும் எங்கள் சர்வருக்குக் கொண்டு வர வேண்டும். மூவாயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு கோப்புகள். ஒவ்வொன்றாக யார் எடுப்பது? அதற்கு பி.எச்.பி. என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். பெயர்ப் பட்டியலில் இருந்து ஒரு பெயரை எடு, அந்தக் கோப்பைப் போய்க் கொண்டு வா, இங்கே எங்கள் சர்வரின் வட்டில், அதாவது டிஸ்க்கில், அதே பெயரில் எழுதி வை, அடுத்த பெயருக்குப் போ. அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு வரி.

இதில் நான் ஒன்று செய்தேன் அக்கா. ஈமெயில் முகவரியில் நடுவில் சுழித்து ஒரு குறி வரும் இல்லையா, அந்தக் குறி. பி.எச்.பி.யில் ஒரு கட்டளைக்கு முன்னால் அதைப் போட்டுவிட்டால், அந்தக் கட்டளை தோற்றுப்போனாலும் வாயைத் திறக்காது. எச்சரிக்கை எதுவும் திரையில் வராது. போடக் கூடாது என்றுதான் சொல்வார்கள். எனக்கும் தெரியும்.

ஏன் போட்டேன் என்று கேட்டால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. முதல் வாரம் நான் எழுதிய ஏதோ ஒன்றை ஓட்டிப் பார்த்தபோது திரை முழுக்க எச்சரிக்கையாக வந்து கொட்டியது. பின்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள். எங்கள் டீம் லீடர் பரத் சாரும் இருந்தார். "என்னம்மா, ஆனியிலயே தீபாவளி கொண்டாடுற" என்றார். கெட்ட மனிதர் இல்லை, சும்மா தமாஷுக்குத்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எதை எழுதினாலும் முன்னால் அந்தக் குறியைப் போட்டுவிடுவேன். பாவாடைக்கு ஊக்கு குத்திக்கொள்கிற மாதிரி பழகிவிட்டது.

நிரலை ஓட விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் முடிந்திருந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் "வந்தது" என்று ஒரு வரி எழுதச் சொல்லியிருந்தேன். மூவாயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு "வந்தது". வட்டில் எண்ணிப் பார்த்தேன். அதே எண்ணிக்கை. அதோடு விடவில்லை அக்கா, கவனமாகத்தான் இருந்தேன். முதல் ஐந்தைத் திறந்தும் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. ஒரு சீர்வரிசை, ரெண்டு கல்யாணம், ஒரு தாத்தா, ஒரு கட்சிக்காரர்.

ஐந்துக்குப் பதிலாக, கடைசி ஒன்றைத் திறந்திருக்கலாம்.

என்ன நடந்தது தெரியுமா? ஆயிரத்து நூற்று நாற்பத்தெட்டு வரை ஒழுங்காக வந்திருக்கிறது. இப்படி மூச்சு விடாமல் கேட்கிறதே என்று அதற்குமேல் அந்தப் பழைய சர்வர் கதவைச் சாத்திவிட்டது. பிறகு என் நிரல் கேட்ட ஒவ்வொரு தடவையும் "இல்லை போ" என்றிருக்கிறது. அந்தக் குறி இருந்ததால் எனக்கு அது கேட்கவில்லை. நிரலுக்கும் நான் சொல்லித் தரவில்லை. அது கையில் ஒன்றும் இல்லாமலே வட்டில் பெயரை எழுதி, "வந்தது" என்றும் எழுதிக்கொண்டு போய்விட்டது. நீங்கள் அங்கன்வாடியில் வேலை என்றீர்களே. பதிவேட்டில் எல்லாப் பிள்ளைக்கும் வருகை போட்டாயிற்று, அறையில் பாதிக்கு மேல் பிள்ளைகள் இல்லை என்றால் எப்படி இருக்கும்? அப்படி. பெயர் இருக்கும், திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. அளவு பூஜ்ஜியம் பைட்.

அன்று எனக்குத் தெரியாது. "முடிந்தது சார்" என்றேன். "குட்" என்றார் பரத் சார். ஒரே வார்த்தை. அன்றைக்கு வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனேன்.

அந்தக் கடையில் டிசைன் செய்கிறவர் பெயர் இருதயராஜ். நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினாறு வருடமாக அங்கேயே இருந்தார். அவருக்கு நான் ஒரு செய்தி அனுப்பினேன். "அண்ணா, எல்லாப் படமும் வந்துவிட்டது. இனி உங்கள் கம்ப்யூட்டரில் வைத்திருக்க வேண்டியதில்லை." கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டேன். அவர் கம்ப்யூட்டரில் இடமே இல்லாமல் திணறிக்கொண்டிருந்தது. நன்றிம்மா என்று பதில் போட்டுவிட்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டார். அடுத்த மாதம் பழைய சர்வரையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அங்கேயும் போயிற்று.

ஜனவரியில் கடை ஆட்களுக்கு, நாங்கள் செய்து கொடுத்த புதிய வெப்சைட்டை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக் கொடுக்க என்னை அனுப்பினார்கள். அன்றைக்கென்று பூவாயி என்று ஒரு அம்மா வந்தார்கள். அறுபது வயது இருக்கும். வீட்டுக்காரர் இறந்து வருடம் திரும்புகிறது, முதலாம் ஆண்டு நினைவஞ்சலி அடிக்க வேண்டும்.

"போட்டோ கொண்டாந்திருக்கியாம்மா?" என்று கல்லாவில் இருந்த முதலாளி கேட்டார். குணசீலன் என்று பெயர்.

"இங்கதானய்யா இருக்கு. இந்தத் தம்பிதான சட்ட மாட்டி விட்டுச்சு."

இருதயராஜ் அண்ணன் சிரித்தார். "ஒன் வீட்டுக்காரரு பிச்சைதான. மறப்பேனாம்மா? கழுத்துப் பட்டனைப் போடுன்னு என்கூட சண்டை போட்டியே."

"உசுரோட இருந்தப்ப ஒருநாளும் போட்டதில்ல. செத்த பெறகாச்சும் ஒழுங்கா இருக்கட்டும்னுதான்."

அந்த மனிதருக்கு என்று தனிப் போட்டோ கிடையாதாம். யாரோ கல்யாணத்தில் பந்திக்குப் பின்னால் நின்றவரை எவனோ போனில் எடுத்திருக்கிறான். கையில் சாம்பார் வாளி, மேலே பனியன். அதிலிருந்து முகத்தை வெட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, இருதயராஜ் அண்ணன் இரண்டு நாள் உட்கார்ந்து செய்திருக்கிறார். அந்தப் போனும் இப்போது இல்லை.

அண்ணன் பெயரை அடித்தார். பெயர் வந்தது. தட்டினார். படம் வரவில்லை. உடைந்த கட்டம் மாதிரி ஒன்று வந்தது. மறுபடி தட்டினார்.

"நெட்டு மெதுவா இருக்கும்மா, செத்த இரு."

"இருக்கேன்யா. எனக்கென்ன அவசரம்."

நான் பக்கத்து மேசையில் என் லேப்டாப்பில் அந்தக் கோப்பைப் பார்த்தேன். அளவு பூஜ்ஜியம். அதற்கு முந்தையதைப் பார்த்தேன். பூஜ்ஜியம். கீழே தள்ளிக்கொண்டே போனேன். பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

குணசீலன் சார் எழுந்து வந்தார். "என்ன ராஜு? நம்ம சிஸ்டத்துல இருந்தத எடு."

"அழிச்சிட்டேன் சார். எல்லாம் மேல ஏறிருச்சுன்னு கம்பெனியில சொன்னாங்க, அதான்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உங்க பக்கம் எல்லாம் சரியா வந்துச்சா?"

"எண்ணிக்கை சரியா இருக்கு சார். மூவாயிரத்து எண்ணூத்து அறுபத்திரெண்டு."

இதுதான் நான் சொன்னது, ஒரு எழுத்து மாற்றாமல். இதில் பொய் எங்கே இருக்கிறது சொல்லுங்கள். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. அவர் அளவு என்ன என்று கேட்டிருந்தால் அளவைச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

"அப்ப இங்கதான் நோண்டியிருக்கான். அழிக்கிறேன் அழிக்கிறேன்னு அங்க இருந்ததையும் சேர்த்து அழிச்சிருக்கான்" என்றார் முதலாளி.

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பூவாயி அம்மாதான் எழுந்தார்கள். "விடுங்கய்யா, தம்பிய வையாதீங்க. எனக்கு மொகம் ஞாபகம் இருக்கு. ஊருக்குத் தெரியட்டும்னுதான் கேட்டேன்."

போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குத்துவிளக்குப் படத்தை வைத்து அடித்துக் கொடுத்தார்கள். பேருந்து நிலையத்துக்குப் போகிற வழியில் கட்டியிருந்தது. நான் அந்தப் பக்கமாகத்தான் நடந்து போனேன்.

திரும்பி வந்து அந்த வாரமே நிரலைச் சரியாக எழுதினேன். கொண்டு வந்தது வெறுமையா என்று பார்க்கும், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு விநாடி நிற்கும், கிடைக்காவிட்டால் "கிடைக்கவில்லை" என்று எழுதும். நல்ல நிரல் அக்கா. அதைப் பரத் சாரிடம் காட்டலாம். ஆனால் போய்க் கேட்பதற்கு மறுமுனையில் சர்வர் இல்லை. அந்தப் பழைய சர்வர் கம்பெனிக்கு யாருக்கும் தெரியாமல் என் சொந்த ஈமெயிலில் இருந்து எழுதினேன். கணக்கை முடித்த முப்பது நாளில் எல்லாவற்றையும் அழித்துவிடுவோம் என்று பதில் வந்தது. மரியாதையான பதில்.

அப்புறம் ஒருவர் பின் ஒருவராக வர ஆரம்பித்தார்கள். வருடம் திரும்புகிறவர்கள், பதினாறாம் நாளுக்கு வைத்த படத்தைப் பெரிதாகக் கேட்கிறவர்கள். மூன்று வாரத்தில் ஒன்பது பேர். குணசீலன் சார் எங்கள் ஆபீசுக்கு போன் செய்தார். பரத் சார் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் படமெல்லாம் மாத்தின மைக்ரேஷன்ல ஏதாவது பிரச்சனையா?"

நான் அந்த "வந்தது" வரிகள் இருந்த கோப்பை அனுப்பினேன். அவர் மேலிருந்து கீழே வரை ஓட்டிப் பார்த்தார். "கிளீனா இருக்கே. நம்ம பக்கம் இல்லைன்னு சொல்லிடறேன்." "சரி சார்" என்றேன். அப்போதும் வாயிலிருந்து வந்தது அந்த இரண்டு வார்த்தைதான். மறுவாரம் இருதயராஜ் அண்ணனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று அந்தக் கடையில் இருக்கிற பெண் சொன்னாள்.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. தினமும் காலையில் பஸ்ஸில் ஏறும்போது இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, நிரந்தரம் ஆகட்டும் என்று தோன்றும். நிரந்தரம் ஆன பிறகு சொன்னால் கொஞ்சம் திட்டுவார்கள், அவ்வளவுதானே. இப்போது சொன்னால் அப்பா போனில் இருக்கிற அந்தப் போட்டோவை என்ன செய்வார்?

ஆனால் அண்ணனிடமாவது சொல்ல வேண்டும் என்று இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வந்தேன். இதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். சொல்லத்தான் வந்தேன். யாரும் அனுப்பவில்லை. ஆப்பிள் வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் அவர் மனைவி லூர்து அக்கா மட்டும்தான் இருந்தார்கள். உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தார்கள். "இப்ப வந்துருவாரு. பேனர் கட்டப் போயிருக்காரு" என்றார்கள். புரியவில்லை எனக்கு. டிசைன் செய்கிற மனிதர். இப்போது வேறொரு கடைக்காகச் சவுக்குக் கம்பு நட்டு, ஏணி ஏறி, பேனர் கட்டுகிறாராம்.

"கம்ப்யூட்டர் வேலை எங்கேயும் கிடைக்கலையாக்கா?"

"கிடைக்காம என்ன, பெரம்பலூர்ல கூப்பிட்டாங்க. இவருதான் போகலை. என் கை சரியில்ல லூர்து, தெரியாம எதையாச்சும் அழிச்சிருவேன்கிறாரு. போன்ல வர்ற குட்மார்னிங் பூவைக்கூட அழிக்க மாட்டேங்கறாரும்மா. போன் நெறைஞ்சு போயி, யாரு கூப்பிட்டாலும் எடுக்க முடியாம தொங்கிக்கிட்டு நிக்குது." அந்த அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். "பதினாறு வருசம் ஒரு படம் தொலைச்சதில்ல இந்த மனுசன். அன்னைக்கு எந்த சாத்தான் வந்து கையில உக்காந்துச்சோ."

நான் டீயைக் குடித்தேன். அண்ணன் வரட்டும், அவரிடமே சொல்வோம் என்று இருந்தேன்.

வந்தார். தோளெல்லாம் கயிற்றுத் தடம். என்னைப் பார்த்ததும் முகம் கழுவிக்கொண்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்து, நான் வாயைத் திறப்பதற்குள், "நானே ஒன்ன வந்து பாக்கணும்னு இருந்தேம்மா" என்றார்.

"எதுக்குண்ணே?"

"ஒரு மன்னிப்புக் கேக்கணும்ல. நீ புள்ள, புதுசா சேர்ந்திருக்க. என்னால ஒனக்கும் கம்பெனியில பேச்சு விழுந்திருக்கும். நீ அவ்வளவு பத்திரமா கொண்டாந்து வச்சத நான் அழிச்சுப்புட்டேன்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அதைவிட நல்ல இடம் கிடைக்காது. எனக்குத் தெரியாதா?

நான் என்ன சொன்னேன் தெரியுமா அக்கா? "பரவாயில்லைண்ணே" என்றேன்.

ஆமாம். அவர் செய்யாத தப்புக்கு அவரை நான் மன்னித்துவிட்டு வந்திருக்கிறேன்.

அதோடும் முடியவில்லை. உள்ளே போய் ஒரு பென்டிரைவை எடுத்து வந்தார். இன்றைக்குப் போல வேலை வந்துவிட்டால் தவிர, ஞாயிறு தோறும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தக் குடும்பங்களைத் தேடிப் போகிறாராம். ஞாபகத்தில் இருக்கிற ஊர், ஞாபகத்தில் இருக்கிற பெயர். பழைய பத்திரிகை, ரேஷன் கார்டு, அடுத்த வீட்டு ஆல்பம், எதில் முகம் இருந்தாலும் மச்சானின் போனை இரவல் வாங்கிப் போய் எடுத்து வந்து, அந்த மச்சான் கடைக் கம்ப்யூட்டரில் அங்கே வேலை செய்கிற பையனை உட்கார வைத்து, பக்கத்தில் நின்று சொல்லிச் சொல்லிச் சரி செய்கிறார். இவர் தொட மாட்டார். இதுவரை நாற்பத்தொரு படம் சேர்த்துவிட்டார். பிச்சைகூட இதில் இருக்கிறார். அந்தப் பந்திப் போட்டோ எடுத்தவனைத் திருப்பூரில் கண்டுபிடித்து, அவன் அப்போதே யாருக்கோ அனுப்பியிருந்ததை வாங்கியிருக்கிறார்.

"நீயே ஏத்திரும்மா. என் பேரு வேணாம். இன்னும் ரெண்டாயிரத்துச் சொச்சம் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துர்றேன்" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். மேலே அந்தப் பையில்தான் இருக்கிறது.

இவ்வளவுதான். யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொன்ன பிறகு கொஞ்சம் இலகுவாக இருக்கிறது. நீங்கள் தப்பாக நினைக்கவில்லையே? வீட்டுக்குப் போய் இன்றைக்கே அந்த நாற்பத்தொன்றையும் ஏற்றிவிடுவேன். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து.

என்ன கேட்டீர்கள்? இல்லை, அவருக்குத் தெரியாது. இன்னமும் அவர்தான் அழித்தார் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். அதைத்தான் இவ்வளவு நேரமும் சொன்னேன்.

போன் செய்து சொல்லலாம்தான். ஆனால் அவர் போன்தான் நிறைந்து தொங்கிக்கொண்டு நிற்கிறதே. லூர்து அக்கா நம்பர் என்னிடம் இல்லை. ஜூன் வரைக்கும் இரண்டு மாதம்தானே அக்கா. இரண்டு மாதத்தில் என்ன ஆகிவிடும்? எட்டு ஞாயிற்றுக்கிழமை. எட்டு ஞாயிறும் சைக்கிளில்...

குணசீலன் சாரிடமும் சொல்ல வேண்டும், பரத் சாரிடமும் சொல்ல வேண்டும். தெரியும். ஆனால் முதலில் அவர். அது எனக்கும் தெரியும்.

புலிவலம் வந்துவிட்டதா? இங்கே ஐந்து நிமிடம் நிறுத்துவான், டீ குடிக்க. எதிரே நிற்பது துறையூர் பஸ். ஆமாம், பார்த்தேன். போனால் அரை மணி நேரம். இப்போது போய் என்ன சொல்லி ஆரம்பிப்பேன்? இப்போதுதானே போனாள் என்று லூர்து அக்கா நினைப்பார்கள். அண்ணன் சாப்பிட்டுப் படுத்திருப்பார். ஏணி ஏறிய களைப்பு. எழுப்ப வேண்டும். எழுப்பி, "அண்ணே, நீங்க எதையும் அழிக்கல, எனக்கு ஜனவரியிலயே தெரியும்" என்று சொல்ல வேண்டும். ஜனவரியிலேயே என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், இல்லையா? அதை விட்டுவிட்டுச் சொன்னால் மறுபடியும் எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று சொன்ன மாதிரிதான்.

என்னக்கா, எதற்கு எழுந்துவிட்டீர்கள்? உங்களுக்கு சத்திரம் என்றீர்களே.

அது என் பைதான். ஏன் இறக்கினீர்கள்?

எதிரே அந்த பஸ்ஸையே பார்க்கிறீர்கள்.

சரி. கொடுங்கள். கொஞ்சம் வழி விடுங்கள் அக்கா, அந்தத் துறையூர் டிரைவர் வண்டியை எடுக்கப் போகிறார்.